மண்ணுக்குள் எரியும் காடு

காட்டுத்தீ மூன்று வகைப்படும். தரையில் கிடக்கும் சருகையும் புல்லையும் எரித்துக்கொண்டு நகர்வது தரைத்தீ. மரத்தின் தலைக்கு ஏறி, ஒரு மரத்தின் இலைக்கொத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவுவது உச்சித்தீ. மண்ணுக்குள் இறங்கி, அந்த மண்ணையே தின்று கனல்வது நிலத்தடித் தீ. மூன்றுக்கும் வேண்டியவை ஒன்றே: எரிபொருள், காற்றிலுள்ள உயிர்வளி, பற்றவைக்கும் வெப்பம். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தீ எரியாது. காட்டின் எந்த அடுக்கில் காய்ந்த எரிபொருள் இருக்கிறது என்பதே தீயின் வகையைத் தீர்மானிக்கிறது.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழ்வோரை அதிகம் பாதிப்பது மூன்றாவது வகை. அதில் பெரிய சுவாலை எழுவதில்லை. தொலைவிலிருந்து பார்த்தால் வெறும் புகையாகவே தெரியும். ஆனால் வாரக்கணக்கில் அணையாது. பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் நின்றால் பக்கத்துக் கட்டடங்கள்கூட மங்கலாகத் தெரியும் அளவுக்குப் புகைமூட்டம் சூழும் நாள்களில், அந்தப் புகையின் பெரும்பகுதி இத்தகைய தீயிலிருந்து வந்ததாகவே இருக்கும். சில ஆண்டுகளில் அது மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ராவில் எரியும் மண்ணிலிருந்து வரும். சில ஆண்டுகளில் கோல லங்காட்டிலும் கோல சிலாங்கூரிலும் கிள்ளானின் ஜோஹான் செத்தியாவிலும் எரியும் மண்ணிலிருந்தே வரும்.

தரைத்தீ

உலகில் மிகப் பரவலாகக் காணப்படுவது தரைத்தீதான். உதிர்ந்த இலை, காய்ந்த புல், சுள்ளி, செடி, புதர் ஆகியவை இதன் இரை. காற்றும் நிலத்தின் சாய்வும் வேகத்தைக் கூட்டும். சமநிலத்தைவிட மேட்டை நோக்கித் தீ விரைவாக ஏறும். மேலே உள்ள புல்லைக் கீழிருந்து வரும் வெப்பம் முன்கூட்டியே காயவைத்துவிடுவதே காரணம். 2018 மார்ச்சில் தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இப்படிப்பட்ட புல்சரிவில் பரவிய தீயில்தான்.

தரைத்தீ எல்லாக் காட்டுக்கும் ஒரே அளவில் தீங்கு செய்வதில்லை. முதுமலை போன்ற இலையுதிர் காடுகளில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சருகு காய்ந்து கிடக்கும். அங்குள்ள தேக்கு, மருது போன்ற மரங்களுக்குத் தடித்த பட்டை உண்டு. மெலிதான தரைத்தீ கடந்து சென்றால் அவை பிழைத்துக்கொள்ளும். சாம்பலிலிருந்து புதுப்புல் முளைக்கும். மானும் காட்டெருமையும் மேய வரும். ஆனால் தீ ஆண்டுதோறும் வந்தால் இளங்கன்றுகள் தலையெடுக்க முடியாமல் போகும். உண்ணிச்செடி போன்ற அயல் புதர்கள் அடர்ந்துவிட்டால் எரிபொருள் குவிந்து, தீயின் உக்கிரமும் கூடிவிடும்.

மலேசியாவின் மழைக்காட்டில் இயல்பான நிலையில் தரைத்தீ பிடிப்பதே அரிது. உலு லங்காட், உலு கோம்பாக் மலைக்காடுகளில் மேல்விதானம் வெயிலை மறைக்கும். கீழே ஈரம் நிற்கும். உதிரும் இலை காய்வதற்குள் மக்கிப்போகும். மரம் வெட்டி விதானம் திறந்துவிட்டால் நிலை மாறுகிறது. வெயில் தரையைத் தொடுகிறது. வெட்டிப்போட்ட கிளைகள் காய்கின்றன. வெட்டவெளியில் லாலாங் புல் பரவுகிறது. லாலாங் எளிதில் தீப்பிடிக்கும். மேலே எரிந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குவேரிலிருந்து மறுபடியும் தழைக்கும். தழைத்த புல் அடுத்த வறட்சியில் மீண்டும் எரியும். மரக்கன்று வேரூன்ற இடமே இருக்காது. ஒருமுறை எரிந்த இடம் திரும்பத் திரும்ப எரிவதற்கு இந்தச் சுழற்சி முக்கியக் காரணம்.

உச்சித்தீ

தரையில் எரியும் தீ, கொடியையும் தாழ்ந்த கிளையையும் பற்றிக்கொண்டு மரத்தலைக்கு ஏறும்போது உச்சித்தீயாகிறது. ஊசியிலை மரங்களும் யூகலிப்டஸ் மரங்களும் நிறைந்த காடுகளில் இது மிகக் கொடியது. அவற்றின் இலையிலும் பட்டையிலும் பிசினும் எண்ணெயும் இருப்பதால் பச்சை இலைகூட எரியும். காற்று எரியும் பட்டைத் துண்டுகளை முன்னால் தூக்கி எறிந்து, தீ எட்டாத இடத்திலும் புதிய தீயை மூட்டும். 1988இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பரப்பைத் தீ தொட்டது. ஆஸ்திரேலியாவில் 2019, 2020 கோடையில் எரிந்த காடுகள் தமக்கே உரிய இடிமேகங்களை உருவாக்கும் அளவுக்கு வெப்பத்தைக் கக்கின.

அந்த நாடுகளின் சில தாவரங்கள் தீயோடு வாழப் பழகியவை. யெல்லோஸ்டோனின் லாட்ஜ்போல் பைன் மரங்கள் பலவற்றின் கூம்புகள் பிசினால் மூடிக்கிடக்கும். தீயின் வெப்பத்தில்தான் அவை திறந்து விதையைச் சிதறும். ஆஸ்திரேலியாவின் பல பாங்ஸியா இனங்களும் அப்படியே. தீக்குப் பிந்தைய ஆண்டுகளில் யெல்லோஸ்டோனில் பைன் கன்றுகள் அடர்ந்து எழுந்தன. எனவே எல்லாக் காட்டுத்தீயும் அழிவு என்று சொல்வது பொருந்தாது. காடு எதற்குப் பழகியிருக்கிறது என்பதைப் பொறுத்தே தீ அதற்கு மருந்தோ நஞ்சோ ஆகிறது.

மலேசியக் காடு தீக்குப் பழகியதல்ல. அதன் மரங்களுக்குப் பெரும்பாலும் மெல்லிய பட்டைதான். தீயில் திறக்கும் விதைகளும் இல்லை. மிதமான தரைத்தீகூட இங்கே பெருமரங்களைச் சாய்த்துவிடும். 1982, 1983ஆம் ஆண்டுகளின் கடும் எல் நினோ வறட்சியில் போர்னியோவின் கிழக்குக் கலிமந்தானில் ஏறக்குறைய 35 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அதில் மரம் வெட்டப்பட்ட காடுகள் பட்ட சேதம் அதிகம். கைபடாத காடுகள் பட்டது குறைவு.

நிலத்தடித் தீ

சிலாங்கூரின் கடலோரச் சமவெளியில் பெரும்பரப்புக்குக் கரிய, பஞ்சுபோன்ற மண் கிடக்கிறது. மலாய் மொழியில் இது தானா காம்புட். தமிழ் நூல்களில் முற்றா நிலக்கரி. இதில் களிமண்ணோ மணலோ மிகக் குறைவு. முழுக்கவும் மரத்துண்டு, வேர், இலை ஆகியவற்றின் எச்சமே. நீர் தேங்கிய சதுப்புக்காட்டில் உயிர்வளி எட்டாது. அதனால் விழுந்த இலையும் மரமும் முழுதாக மக்காமல் ஆண்டுதோறும் அடுக்கடுக்காகப் படிகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் படிந்து, சில ஆயிரம் ஆண்டுகளில் பல மீட்டர் ஆழம் சேர்கிறது. இந்நாட்டுக் கடலோர காம்புட் நிலங்கள் இப்படி உருவானவையே. சிலாங்கூரில் மட்டும் ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் இத்தகைய மண் உள்ளது. மலேசியாவில் இதன் பெரும்பங்கு சரவாக்கில் இருக்கிறது.

நீர் நிறைந்திருக்கும் வரை இந்த மண் எரியாது. எடையில் பெரும்பகுதி நீராகவே இருக்கும் மண்ணில் தீக்குச்சியைப் போட்டாலும் அணைந்துவிடும். நீரை வடித்த பிறகே அது விறகாகிறது. வெட்டிய மரங்களை மிதக்கவிட்டு வெளியே கொண்டுவரக் கால்வாய் தோண்டுவார்கள். செம்பனையும் காய்கறியும் பயிரிட வாய்க்கால் வெட்டுவார்கள். சாலையும் தாமானும் எழுப்பவும் நீரை வெளியேற்றுவார்கள். ஒரு கால்வாய் தன் இருபக்கமும் வெகுதூரத்துக்கு நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்திவிடும். அதனால் ஒதுக்குக்காட்டின் எல்லைக்கு வெளியே வெட்டிய வாய்க்கால் உள்ளே இருக்கும் காட்டையும் காயவைக்கிறது. ஒருமுறை முற்றிலும் உலர்ந்த காம்புட் மண் பிறகு நீரைத் தன்னுள் ஏற்க மறுக்கும். மேலே ஊற்றிய நீர் வழிந்தோடும்.

காய்ந்த மண்ணில் மேலே எரியும் புல்தீயோ குப்பைத்தீயோ விரிசல் வழியாக, காய்ந்த வேர் வழியாகக் கீழே இறங்குகிறது. தேங்காய் மட்டையைப் பற்றவைத்துச் சுவாலையை ஊதி அணைத்த பின்னும் உள்ளே கனல் ஊர்ந்துகொண்டே இருப்பதுபோல, மண்ணுக்குள் தீ ஊரும். மணிக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும். உயிர்வளி குறைவாக இருப்பதால் சுவாலை எழாது. வெப்பமும் சுவாலைத் தீயைவிடக் குறைவு. இந்த அரைகுறை எரிதலால்தான் புகை மிகுதியாகிறது. முழுதாக எரியாத துகள்களும் கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் பெருமளவில் வெளியேறுகின்றன.

இத்தீயின் நடமாட்டத்தைத் தீயணைப்பு வீரர்கள் நன்கு அறிவார்கள். ஓரிடத்தில் நீர் அடித்து அணைத்துவிட்டதாக எண்ணி அடுத்த இடத்துக்குப் போனால், சில நாள்களில் பல மீட்டர் தள்ளி இன்னோர் இடத்தில் மண்ணிலிருந்து புகை கிளம்பும். கீழே எரிந்து குடைவான இடத்தில் கால் வைத்தால் மேற்பரப்பு இடிந்து உள்ளே விழ நேரும். உள்ளே கனல் இருக்கும். வேர் எரிந்துபோன மரங்கள் முன்னறிவிப்பின்றிச் சாயும். பச்சை இலையோடு நின்ற மரம் அடியில் பிடிமானம் இல்லாமல் ஒரு பக்கமாக விழுவது காம்புட் காட்டுத்தீக்கே உரிய அடையாளம்.

யார் மூட்டும் தீ

இடி மின்னலால் எரியும் காடுகள் வட அமெரிக்காவில் நிறைய உண்டு. மலேசியாவில் மின்னல் அதிகம். ஆனால் அது மழையோடு வருவதால் காடு எரிவது அரிது. இங்கே மூளும் தீ கிட்டத்தட்ட எல்லாமே மனிதர் கையால் மூள்பவை. நிலத்தைத் துப்புரவாக்க வெட்டிய செடியை எரிப்பது, பயிர்க் கழிவை எரிப்பது, தோட்டக் குப்பைக்குத் தீ வைப்பது, மீன்பிடிக்கவோ வேட்டையாடவோ சென்றவர்கள் அணைக்காமல் விட்ட அடுப்பு, வீசிய சிகரெட் துண்டு என்று காரணங்கள் நீளும். நீர் வடிந்த காம்புட் மண்ணில் இவற்றுள் எதுவும் போதும்.

தோட்டப்புற வரலாறும் இதில் கலந்திருக்கிறது. கோல லங்காட், கோல சிலாங்கூர், கேரித் தீவு ஆகிய தாழ்நிலங்களைத் தோட்டங்களாக்க வாய்க்கால் வெட்டி, கரை கட்டி, சதுப்பை வடித்த உழைப்பில் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அக்காலத்தில் மறுநடவு என்றால் பழைய மரங்களை வெட்டி எரிப்பதுதான் வழக்கம். 1980களின் இறுதியில் கோல்டன் ஹோப் நிறுவனம் எரிக்காமல் மறுநடவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. முதிர்ந்த செம்பனைகளை இயந்திரத்தால் துண்டுதுண்டாகச் சீவி, வரிசைகளுக்கு இடையே குவித்து மக்கவிட்டார்கள். புகையும் இல்லை, மண்ணுக்கு உரமும் சேர்ந்தது. 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது அந்த முறைக்காகக் கிடைத்தது. பெருந்தோட்டங்கள் இன்று பரவலாக அதைப் பின்பற்றுகின்றன. சீவும் இயந்திரம் வாங்க வசதியற்ற சிறு விவசாயிகளுக்கோ தீக்குச்சிதான் இன்னமும் மலிவான கருவி.

காலநிலையும் சேர்ந்துகொள்கிறது. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் ஆண்டுக்கு இரண்டு வறண்ட காலங்கள் உண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சிலாங்கூரின் சொந்தத் தீகள் அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அப்போது சுமத்ராவின் ரியாவ் மாநிலத்தில் எரியும் தீயின் புகை நேராகக் கிள்ளான் துறைமுகத்தை நோக்கி வரும். எல் நினோ ஆண்டுகளில் இந்த வறட்சி நீண்டு, நீர்மட்டம் மேலும் இறங்கி, சிறு தீயும் பெருந்தீயாகிறது.

மண்ணும் மரமும் நீரும்

நிலத்தடித் தீயின் முதல் இழப்பு மண்தான். தரைத்தீயில் மண் சூடாகும். காம்புட் தீயில் மண்ணே இல்லாமல் போகும். 1997இல் மத்திய கலிமந்தானில் ஆய்வாளர்கள் அளந்தபோது, எரிந்த இடங்களில் சராசரியாக அரை மீட்டர் ஆழம் காணாமல் போயிருந்தது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் சேரும் மண்ணில் அரை மீட்டர் என்பது ஐந்நூறு ஆண்டுச் சேமிப்பு. எரியாவிட்டாலும், வடிக்கப்பட்ட காம்புட் மண் காற்றுப்பட்டு மக்கி ஆண்டுக்கு நான்கைந்து சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே போகிறது. கடலோரத்தில் நிலம் கடல்மட்டத்தை நெருங்க நெருங்க, மழைநீர் வடிவது கடினமாகிறது.

அடுத்தது மரம். வேர் மண்ணோடு எரிவதால் மரம் மறுபடி தழைக்க வழியில்லை. மேல்மண்ணில் கிடந்த விதைகளும் கருகிவிடும். ராமின், கெம்பாஸ், மெராந்தி வகை மரங்கள் மீண்டும் வர, அருகிலேயே விதை தரும் தாய்மரம் நிற்க வேண்டும். அது இல்லாத இடத்தில் பெரணியும் கோரையும் லாலாங்கும் மாஹாங் போன்ற வெயில் தாங்கும் மரங்களும் எழும். ஒரேயொரு முறை எரிந்த காடு, காலம் கொடுத்தால் ஓரளவு மீளும். பலமுறை எரிந்த இடம் பெரணிக்காடாகவே நின்றுவிடும். பெரணிக்காடு வெயிலில் எளிதில் காய்வதால் அடுத்த தீக்கும் அதுவே எரிபொருளாகிறது.

விலங்குகளில் பறக்கக்கூடியவை தப்பும். மெதுவாக நகர்பவை மடியும். சூரியக் கரடியும் தாப்பிரும் எஞ்சிய துண்டுக்காடுகளுக்கு ஒதுங்கும். காம்புட் காட்டின் நீர் செம்பழுப்பு நிறமும் மிகுந்த அமிலத்தன்மையும் உடையது. அந்த நீரில் மட்டுமே வாழப் பழகிய மீன்கள் உண்டு. வட சிலாங்கூர்ச் சதுப்புக்காட்டுக்கே உரிய பெட்டா லிவிடா என்ற சிறு சண்டைமீன் அத்தகையது. அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அது பட்டியலிடப்பட்டிருக்கிறது. நீர்மட்டம் இறங்கி ஓடை வற்றினால் அதற்கு வேறு புகலிடம் இல்லை.

நீரின் கணக்கும் மாறுகிறது. நலமான காம்புட் காடு மழைநீரை உள்வாங்கி மெல்ல விடும். வட சிலாங்கூர்ச் சதுப்புக்காட்டின் நீர், தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் நெல்வயல்களுக்குத் துணை. காடு எரிந்தால் மழையில் நீர் ஒரேயடியாகப் பாயும். வறட்சியில் வாய்க்கால் வற்றும்.

கரிமமும் புகையும்

உலக நிலப்பரப்பில் காம்புட் வகை நிலங்கள் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். ஆனால் உலக மண்ணில் உள்ள கரிமத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவற்றில் புதைந்திருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் மட்டும் சுமார் இரண்டரைக் கோடி ஹெக்டேர் காம்புட் நிலம் உண்டு. 1997இல் இந்தோனேசிய காம்புட் நிலங்கள் எரிந்தபோது 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கரிமம் காற்றில் கலந்ததாக மதிப்பிடப்பட்டது. அந்த ஆண்டு உலகம் முழுவதும் எரித்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் கரிமத்தில் 13 முதல் 40 விழுக்காட்டுக்கு அது ஈடு. புல்வெளி எரிந்தால் வெளியேறும் கரிமத்தை அடுத்த மழைக்கு முளைக்கும் புல் திரும்ப எடுத்துக்கொள்ளும். காம்புட் மண் விட்ட கரிமத்தைத் திரும்பச் சேர்க்க நூற்றாண்டுகள் வேண்டும்.

அந்த 1997ஆம் ஆண்டுத் தீக்கு முன்கதை உண்டு. இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி, மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் காம்புட் காட்டை நெல்வயலாக்கத் திட்டமிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டியது. அமில மண்ணில் நெல் விளையவில்லை. கால்வாய்கள் மட்டும் எஞ்சி, காட்டை வடித்துக் காயவைத்தன. அடுத்து வந்த எல் நினோவில் அந்த நிலம் எரிந்தது.

புகையின் தீமை அதன் துகள்களில் இருக்கிறது. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளின் விட்டம் இரண்டரை மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. மூக்கும் தொண்டையும் அதை வடிகட்ட முடியாது. நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கி இரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமா நோயாளிகள், குழந்தைகள், கருவுற்றவர்கள், முதியோர், இதயநோய் உள்ளவர்கள் முதலில் பாதிக்கப்படுவார்கள். துணி முகக்கவசம் இத்துகளைத் தடுக்காது. என்95 வகை, முகத்தோடு ஒட்டி அணிந்தால் தடுக்கும். மலேசியாவில் காற்றின் நிலையை ஐ.பி.யு. எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு சொல்கிறது. 50 வரை நன்று. 100 வரை மிதம். 101 முதல் 200 வரை உடலுக்குக் கேடு. 201 முதல் 300 வரை மிகுந்த கேடு. 300ஐத் தாண்டினால் அபாயம்.

இந்த எண்கள் எவ்வளவு ஏறக்கூடும் என்பதை நாட்டின் அண்மை வரலாறு காட்டுகிறது. 1997 செப்டம்பரில் கூச்சிங்கில் குறியீடு 839ஐத் தொட்டது. சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்ட, அவ்விரு வட்டாரங்களிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இரண்டு நாள் நீடித்தது. 2013 ஜூனில் ஜொகூரின் மூவாரில் 700க்கும் மேல் ஏறியது. 2014 தொடக்கத்தில் சிலாங்கூரில் வறட்சி; அணைகள் வற்றிக் குடிநீர்ப் பங்கீடு நடந்த அதே வாரங்களில் உள்ளூர் காம்புட் தீகளின் புகையும் சேர்ந்தது. 2015இல் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அந்த நாட்டுக்கு நேர்ந்த இழப்பை உலக வங்கி 1,600 கோடி அமெரிக்க டாலராக மதிப்பிட்டது. கோலாலம்பூரில் பள்ளிகள் மூடப்பட்டன; அந்த அக்டோபரில் நடக்கவிருந்த நெடுந்தூர ஓட்டமும் கைவிடப்பட்டது. 2019 செப்டம்பரிலும் பள்ளிகள் மூடவேண்டி வந்தது.

தீயை அணைப்பது, நீரைக் காப்பது

மண்ணுக்குள் எரியும் தீக்குத் தீயணைப்பு மீட்புத் துறையிடம் இருக்கும் வழி, நீரை மண்ணுக்குள் இறக்குவதுதான். வானிலிருந்து விமானம் கொட்டும் நீர் மேல்புகையை அடக்கும். ஆழத்துக் கனலைத் தொடாது. அதனால் தீப்பிடித்த இடத்தருகே குழாய்க் கிணறு இறக்குகிறார்கள். தொலைவிலுள்ள குளத்திலிருந்தும் ஆற்றிலிருந்தும் குழாய் போட்டு நீர் கொண்டுவருகிறார்கள். வாய்க்காலை அடைத்து நிலத்தை மூழ்கடிக்கிறார்கள். தீயைச் சுற்றி நீர்மட்டம் வரை அகழி வெட்டித் தனிமைப்படுத்துகிறார்கள். விமானத்திலிருந்து மேகத்தில் உப்பு தூவி மழை வரவழைக்க முயல்வதும் உண்டு. மேகம் இல்லாத வறட்சியில் அதற்கும் வாய்ப்பில்லை. எல்லாம் செய்தும் பல தீகள் பெருமழை வந்தபின்தான் முற்றாக அணைகின்றன.

ஆகவே நிரந்தரத் தீர்வு, வறட்சிக்கு முன்பே மண்ணில் நீரை நிறுத்துவது. வட சிலாங்கூரின் ராஜா மூசா ஒதுக்குக்காட்டில் அந்தப் பணி நடக்கிறது. 1990இல் ஒதுக்குக்காடாக அறிவிக்கப்படும் முன்பே அங்கே மரம் வெட்டப்பட்டு, கட்டைகளை இழுத்துவரக் கால்வாய்கள் தோண்டப்பட்டிருந்தன. பின்னர் சில பகுதிகளில் அத்துமீறி நுழைந்தவர்கள் காட்டை அழித்துப் பயிரிட்டார்கள். 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் சுற்றுவட்டக் கிராம மக்களோடு சேர்ந்து காட்டை மீட்கின்றன. கால்வாய்களின் குறுக்கே மரக்கட்டையும் மணல்மூட்டையும் அடுக்கித் தடுப்புக் கட்டுகிறார்கள். தடுப்புக்குப் பின்னால் நீர் உயர, இருபக்க மண்ணும் நனைகிறது. நனைந்த மண்ணில் மாஹாங், தெங்கெக் புரோங் போன்ற கன்றுகளை நடுகிறார்கள். வெயிலைத் தாங்கும் இவை நிழல் தந்த பிறகு, நிழல் தேடும் காட்டு மரங்கள் தாமாக வரத் தொடங்குகின்றன. 2014 வறட்சியில் அக்காட்டின் பகுதிகள் மறுபடி எரிந்ததுண்டு. தடுப்புகளைப் பழுதுபார்ப்பதும் நீர்மட்டத்தை அளப்பதும் ஆண்டுதோறும் தொடரவேண்டிய வேலை என்பதை அது உணர்த்தியது.

காடாக மீட்க முடியாத இடங்களிலும் இதே விதி பொருந்தும். காம்புட் மண்ணில் ஏற்கெனவே வேரூன்றிவிட்ட தோட்டங்களில் நீர்மட்டத்தை முடிந்தவரை மேலே வைத்தால் மண் தாழ்வது மெதுவாகும். தீயும் எளிதில் இறங்காது. தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் நீர்மட்டம் இறங்கக்கூடாது என்று இந்தோனேசியா விதித்தது. நீரை வடிக்காமலே விளையும் ரும்பியா என்கிற சவ்வரிசிப் பனை போன்ற பயிர்களும் இந்த மண்ணுக்கு ஏற்றவை.

சட்டமும் உண்டு. மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். ஐந்தாண்டு வரை சிறையும் லட்சக்கணக்கான வெள்ளி அபராதமும் விதிக்கலாம். தன் நிலத்தில் தீ மூண்டால் நில உரிமையாளரும் பொறுப்பாகிறார். எல்லை தாண்டும் புகைக்காக ஆசியான் நாடுகள் 2002 ஜூன் 10ஆம் தேதி கோலாலம்பூரில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது 2014இல்தான். உடன்படிக்கையில் தண்டனை இல்லை. ஒத்துழைப்பும் தகவல் பரிமாற்றமும் மட்டுமே உண்டு.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மிக அருகே எஞ்சியுள்ள காம்புட் காடுகளில் ஒன்று வட கோல லங்காட் ஒதுக்குக்காடு. தெமுவான் பூர்வகுடியினர் தலைமுறைகளாக அதைச் சார்ந்து வாழ்கிறார்கள். மேம்பாட்டுத் திட்டத்துக்காக அதன் பெரும்பகுதியை ஒதுக்குக்காட்டுப் பட்டியலிலிருந்து நீக்கும் முயற்சி 2020இல் வெளிவந்தது. அடிக்கடி எரிந்து சிதைந்த காடு என்பதும் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. பூர்வகுடியினரும் சூழலியல் அமைப்புகளும் பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் ஆட்சேபம் தெரிவித்தார்கள். ஆயினும் 536 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு நீக்கப்பட்டது 2021 ஆகஸ்டில் தெரியவந்தது. எதிர்ப்பு வலுத்ததும், செப்டம்பர் 8ஆம் தேதி மாநில அரசு அம்முடிவைத் திரும்பப் பெற்றது.

எரிந்த காட்டைச் சிதைந்தது என்று கைவிட்டால், தீயே நிலம் பறிக்கும் கருவியாகிவிடும். வாய்க்காலை அடைத்தால் எரிந்த காம்புட் நிலமும் மீளும் என்பதை ராஜா மூசா காட்டியிருக்கிறது. வடிக்கப்பட்டு வீட்டுமனையான நிலம் மீளாது. எனவே சிலாங்கூரில் காட்டுத்தீயைத் தடுக்க விரும்பும் எந்தத் திட்டமும் முதலில் கேட்கவேண்டியவை மூன்று கேள்விகள்: எந்த வாய்க்கால் காட்டை வடிக்கிறது, அதை எங்கே அடைப்பது, வறட்சி தொடங்குமுன் நீர்மட்டம் எவ்வளவில் நிற்கிறது. இவற்றுக்கு ஆண்டுதோறும் விடை வைத்திருக்கும் மாவட்டத்தில் தீயணைப்பு வண்டிக்கு வேலை குறையும். கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றும் சொந்த மண்ணின் புகையிலிருந்தாவது விடுபடும்.